ஜிப்டிப் சி18: உப்பை எடுக்கும், சோப்பை எடுக்காது

மூலக்கூறுகளின் எடையை அளக்கும் எங்கள் மாஸ் ஸ்பெக் பிரிவுக்கு வரும் சாம்பிள் படிவத்தில் 'சுத்தம் செய்த முறை' என்று ஒரு கட்டம் உண்டு. முக்கால்வாசிப் பேர் அதில் எழுதுவது ஒரே சொல்: ஜிப்டிப். எந்தப் பஃபரில் செல்லை உடைத்திருந்தாலும் சரி, பெப்டைடோடு (வெட்டிய புரதத் துண்டு) என்ன கலந்திருந்தாலும் சரி, கடைசியில் ஒரு ஜிப்டிப் போட்டுவிட்டால் எல்லாப் பாவமும் தீர்ந்தது என்று ஒரு நம்பிக்கை. இதைப் பல வருடமாக வாங்கிப் பயன்படுத்துகிறவள் என்ற முறையில், எதற்கு ஆகும், எதற்கு ஆகாது, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று ஒரு தடவை எழுதிவைத்துவிடுகிறேன். லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு உதவும். எனக்கும் போனில் அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வது மிச்சம்.

தெரியாதவர்களுக்காக: பார்க்க இது சாதாரண 10 மைக்ரோலிட்டர் பைபெட் டிப்தான். முனையில் மட்டும் சின்னதாக ஒரு வெள்ளை அடைப்பு இருக்கும். மொத்தமே 0.6 மைக்ரோலிட்டர், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் சரியாகத் தெரியும். உள்ளே இருப்பவை சிலிக்கா மணிகள், அவற்றின் மேல் 18 கார்பன் நீளச் சங்கிலிகள். இந்தச் சங்கிலிகளுக்குத் தண்ணீர் ஆகாது. அமிலத் தண்ணீரில் இருக்கும் பெப்டைடு இவற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். உப்பு, யூரியா, டிரிஸ் எல்லாம் ஒட்டாமல் ஓடிவிடும். அப்புறம் அசிட்டோநைட்ரைல் கலந்த கரைசலை இழுத்தால் பெப்டைடு கழன்று வரும், இதைத்தான் எலூட் செய்வது என்போம். மில்லிப்போர் 1990களின் பிற்பாதியில் கொண்டுவந்த சரக்கு இது. 2010இல் அந்தக் கம்பெனியை ஜெர்மனியின் மெர்க் வாங்கிவிட்டது. இப்போது அவர்கள் வழியாகத்தான் வருகிறது.

உப்பு விஷயத்தில் இது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை மால்டி (லேசர் அடித்துப் பெப்டைடை அயனியாக்கும் மாஸ் ஸ்பெக்) தட்டிலேயே பார்க்கலாம். உப்பு மிகுந்த சாம்பிளை மேட்ரிக்ஸோடு (லேசரை உறிஞ்சும் படிகப் பொருள்) கலந்து சொட்டு வைத்தால், காயும்போது ஓரத்தில் மட்டும் தடிப்பாக ஒரு வளையம், நடுவில் திட்டுத்திட்டாக ஏதோ இருக்கும். லேசரை எங்கே அடித்தாலும் சிக்னல் வராது. ஒரு நல்ல இடம் தேடித் தட்டு முழுக்க அலைய வேண்டும். கிடைத்த ஸ்பெக்ட்ரமும் உடைந்துபோயிருக்கும். ஆஞ்சியோடென்சின் 1 என்ற பெப்டைடை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமாக இருந்தால் 1296.68இல் ஒரே பீக். சோடியம் இருந்தால் 22 தள்ளி 1318.67இல் இன்னொன்று, பொட்டாசியமும் சேர்ந்தால் 1334.64இல் மூன்றாவது. இருப்பது ஒரே பெப்டைடு, ஆனால் சிக்னல் மூன்றாகப் பிரிந்துபோகிறது. குறைந்த அளவில் இருக்கும் பெப்டைடு என்றால் மூன்றுமே இரைச்சலுக்குள் போய்விடும். அதே சாம்பிளை ஜிப்டிப்பில் இழுத்து, எலூட் செய்ததை நேராகத் தட்டில் வைத்தால், பொட்டு முழுக்க ஒரே சீராக மெல்லிய மஞ்சள் படிகம் விழும். எங்கே அடித்தாலும் சிக்னல். பாஸ்பேட் பஃபரிலிருந்து வந்த சாம்பிளுக்கு இந்த வித்தியாசத்தை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் விலையைப் பற்றிப் புலம்பமாட்டார்கள்.

எலூட் செய்யும் அளவும் இதன் பெரிய பலம். ஒன்றிலிருந்து நாலு மைக்ரோலிட்டருக்குள் மொத்தப் பெப்டைடும் வந்துவிடும். மேட்ரிக்ஸையே எலூஷன் கரைசலில் கரைத்து வைத்துக்கொண்டால், டிப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு. நடுவில் ஒரு டியூப் இல்லை, உலர்த்துவது இல்லை, டியூப் சுவரில் ஒட்டி வீணாவதும் இல்லை. ஜெல்லில் வெட்டிய ஒரே ஒரு பேண்டை வைத்துக்கொண்டு இது என்ன புரதம் என்று பார்க்கிறவர்களுக்கு இதைவிட வசதியான ஒன்றை நான் இதுவரை கைவைத்துப் பார்த்ததில்லை.

கை பழக வேண்டும் என்பது உண்மை. பெட்டிக்குள் வரும் தாளில் எல்லாம் இருக்கிறது, ஆனால் அந்தத் தாளை யாரும் பிரிப்பதில்லை. முதலில் பாதிக்குப் பாதி அசிட்டோநைட்ரைலில் நனைக்க வேண்டும், அப்புறம் 0.1 சதவீத டிஎஃப்ஏ அமிலத்தில் கழுவ வேண்டும். அதன் பிறகு அடைப்புக்குள் காற்று போகவே கூடாது. இங்கேதான் பெரும்பாலோர் கோட்டைவிடுவது. பைபெட்டை 10இல் வைத்து, கட்டைவிரலைக் கடைசி நிறுத்தம் வரை தள்ளாமல், முனையில் ஒரு துளி திரவம் எப்போதும் நிற்கும்படி மேலும் கீழும் போக வேண்டும். சாதாரண டிப்பைவிடக் கொஞ்சம் எதிர்ப்பு கட்டைவிரலில் தெரியும். அது தெரிந்தால் சரி. திடீரென்று எதிர்ப்பு காணாமல் போய் திரவம் சர்ரென்று ஏறினால் அடைப்பு நகர்ந்துவிட்டது, அல்லது காற்று வழி கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம். அந்த டிப்பைப் போட்டுவிட்டு வேறு எடுங்கள். சாம்பிளை ஏழெட்டுத் தடவையாவது ஏற்றி இறக்க வேண்டும். பொறுமை இல்லாமல் இரண்டு தடவை இழுத்துவிட்டு 'ஜிப்டிப் வேலை செய்யவில்லை' என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஜெல் டைஜெஸ்ட் செய்கிறவர்கள் (ஜெல்லுக்குள்ளேயே புரதத்தை நொதியால் பெப்டைடாக வெட்டுகிறவர்கள்) கவனிக்க: ஜெல் துண்டிலிருந்து பெப்டைடை வெளியே எடுக்க நாம் ஊற்றுவதே அசிட்டோநைட்ரைல்தான். அந்தச் சாற்றை அப்படியே ஜிப்டிப்பில் இழுத்தால் பெப்டைடு எப்படி ஒட்டும்? கழற்றிவிடும் கரைசலிலேயே அது மிதக்கிறது. முதலில் ஸ்பீட்வேக்கில் (வெற்றிடத்தில் உலர்த்தும் கருவி) வைத்து அசிட்டோநைட்ரைலை ஓட்டிவிட்டு, டிஎஃப்ஏ சேர்த்து, பிஹெச் தாளில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, 4க்குக் கீழே இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு இழுங்கள். முழுக்க எலும்பாக உலர்த்தவும் வேண்டாம். அப்படி உலர்ந்தால் ஒரு பகுதி பெப்டைடு டியூப்பை விட்டு வரவே வராது. அமோனியம் பைகார்பனேட்டில் டைஜெஸ்ட் செய்துவிட்டு அமிலம் சேர்க்கும்போது நுரைத்துக்கொண்டு வரும், மூடியைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது சோப்புக்கு வருவோம். இந்த விமர்சனம் எழுதக் காரணமே அதுதான்.

தெற்கே ஒரு கல்லூரியிலிருந்து பிஎச்டி பண்ணும் ஒரு பெண் சாம்பிள் கொண்டுவந்தாள். ஆன்டிபாடி மணிகள் போட்டு இழுத்த புரதம், ட்ரிப்சின் நொதியில் வெட்டியது. படிவத்தில் ரிப்பா பஃபர் என்று எழுதியிருந்தது. ரிப்பா என்றால் வழக்கமான செய்முறையில் ட்ரைட்டன் அல்லது என்பி-40 ஒரு சதவீதம், சோடியம் டீஆக்ஸிகோலேட், அப்புறம் கொஞ்சம் எஸ்டிஎஸ். ஒரே பஃபரில் மூன்று சோப்பு.

"டிடர்ஜென்ட் இருந்ததே, என்ன பண்ணினே?" என்று கேட்டேன்.

"ஜிப்டிப் போட்டுட்டேன்க்கா. ரெண்டு தடவை."

இரண்டு தடவை என்று சொன்னபோது அவள் முகத்தில் ஒரு பெருமை. அவளை என்ன சொல்வது, அவளுடைய சீனியர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார், அந்த சீனியருக்கு அவருடைய சீனியர். எல்சியில் (பெப்டைடுகளைப் பிரித்து மாஸ் ஸ்பெக்குக்கு அனுப்பும் நெடுவரிசைக் கருவி) ஏற்றாமல், முதலில் மால்டியில் ஒரு பொட்டு வைத்துக் காட்டினேன். 581, 625, 669, 713. ஒவ்வொரு பீக்குக்கும் நடுவே சரியாக 44. அழகான கோபுரம் மாதிரி ஏறி இறங்குகிறது. பெப்டைடு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. அந்த 44 எத்திலீன் ஆக்ஸைடு அலகின் எடை. துல்லியமாகச் சொன்னால் 44.026. ட்ரைட்டன், ட்வீன், பாலிஎத்திலீன் கிளைக்கால் எல்லாவற்றிலும் இந்த அலகுதான் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு மூலக்கூறிலும் அலகுகளின் எண்ணிக்கை கொஞ்சம் கூடக்குறைய இருப்பதால் ஒரே பீக்காக வராமல் படிப்படியாக வருகிறது. எல்சி-எம்எஸ்ஸில் இரட்டை மின்னூட்டம் ஏறினால் இடைவெளி 22 ஆகிவிடும், மூன்று என்றால் 14.7. திரையில் இந்த எண்களைப் பார்த்தால் ஓட்டத்தை உடனே நிறுத்துங்கள்.

காரணம் எளிது. ஜிப்டிப்பில் பெப்டைடை எது பிடிக்கிறதோ, அதே சி18 சோப்பையும் பிடிக்கும். சோப்பு மூலக்கூறின் ஒரு பக்கம் தண்ணீருக்கு ஆகாததுதானே, அதனால் பெப்டைடைவிட ஆசையாகவே போய் ஒட்டும். கழுவும் டிஎஃப்ஏ தண்ணீரில் அது அசையாது. அசிட்டோநைட்ரைல் போட்டு எலூட் செய்யும்போது பெப்டைடோடு கைகோத்து வெளியே வரும். ஆக, ஜிப்டிப் போட்டதில் உப்பு போனது, சோப்பு மட்டும் செறிவாகி 3 மைக்ரோலிட்டருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னொரு கெடுதல், அந்தக் குட்டி அடைப்பில் இடமே ஒன்றிரண்டு மைக்ரோகிராம் பெப்டைடுக்குத்தான். ஒரு சதவீத ட்ரைட்டன் என்றால் ஒரு மைக்ரோலிட்டரில் 10 மைக்ரோகிராம் சோப்பு. இருக்கிற இடத்தை அதுவே நிரப்பிவிட்ட பிறகு பெப்டைடுக்கு எங்கே இடம்? எஸ்டிஎஸ் இன்னொரு விதத்தில் கெடுக்கிறது. அது பெப்டைடின் நேர்மின் முனைகளோடு ஜோடி சேர்ந்துகொண்டு, ஒட்டுவதையும் குழப்பும், அயனியாவதையும் அமுக்கும்.

இரண்டு தடவை என்ன, இருபது தடவை போட்டாலும் இதே கதைதான்.

எல்சியில் தெரியாமல் ஏற்றிவிட்டால் இன்னும் மோசம். பாலிஎத்திலீன் கிளைக்கால் கிரேடியன்ட்டின் (அசிட்டோநைட்ரைலைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகும் ஓட்டம்) நடுவில், நல்ல பெப்டைடெல்லாம் வரும் நேரமாகப் பார்த்து, மேடு போட்டுக்கொண்டு வரும். அது அயனியாவதில் கெட்டிக்காரன், அதனால் கூட வரும் பெப்டைடுக்கு மின்னூட்டம் மிஞ்சாது. ட்ரைட்டன் எல்சி நெடுவரிசையில் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்தவருடைய சாம்பிளிலும் தலைகாட்டும். அப்புறம் நெடுவரிசையைக் கழுவி, வெற்று ஓட்டம் ஓட்டி, சோர்ஸைத் திறந்து துடைத்து, வரிசையில் காத்திருக்கும் மற்ற மாணவர்களுக்குச் சமாதானம் சொல்லி... அதனால்தான் எங்கள் பிரிவில் 'ஜிப்டிப் செய்தது' என்ற சீட்டு ஒட்டிய டியூப்பும் முதலில் மால்டிக்குத்தான் போகும்.

அப்படியானால் சோப்புக்கு என்ன வழி? டைஜெஸ்ட் செய்வதற்கு முன்னால் என்றால் வழி நிறைய. ஜெல்லில் ஓட்டி, பேண்டை வெட்டி, துண்டைக் கழுவிக் கழுவி எடுக்கும் பழைய முறை இன்றைக்கும் நம்பகமானது. கழுவும்போதே சோப்பு போய்விடும். 2014இல் ஹைடெல்பர்கிலிருந்து வந்த எஸ்பி3 முறையில் காந்த மணிகளில் புரதத்தைப் படியவைத்து எத்தனாலால் கழுவுவார்கள். இப்போது எங்களிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எஸ்-ட்ராப் நெடுவரிசை எஸ்டிஎஸ் நிறைய இருந்தாலும் கவலைப்படாது. ஒன்றுமே இல்லையென்றால் குளிர்ந்த அசிட்டோன். ஃப்ரீஸரில் வைத்துப் படியவிட்டு, வீழ்படிவைக் கழுவி எடுங்கள். டீஆக்ஸிகோலேட் மட்டும் என்றால் அதிர்ஷ்டசாலி நீங்கள். டைஜெஸ்ட் முடிந்தபின் அமிலம் சேர்த்தவுடன் அதுவே வெள்ளையாகத் திரண்டு படிந்துவிடும், சுழற்றி மேலே இருப்பதை எடுத்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு ஜிப்டிப் போடுவதில் தப்பே இல்லை.

டைஜெஸ்ட் முடிந்துவிட்டது, உள்ளே ட்ரைட்டனோ பாலிஎத்திலீன் கிளைக்காலோ இருக்கிறது என்றால், சி18ஐ மறந்துவிட்டு எஸ்சிஎக்ஸ் பக்கம் போங்கள். அது மின்னூட்டத்தால் பிடிக்கும் வகை. அமிலத்தில் பெப்டைடுக்கு நேர்மின்னூட்டம் உண்டு, எனவே ஒட்டும். ட்ரைட்டனுக்கு மின்னூட்டமே இல்லை, ஓடிவிடும். அசிட்டோநைட்ரைல் கலந்த அமிலத்தில் நன்றாகக் கழுவிவிட்டு அமோனியா கலந்த கரைசலில் எலூட் செய்தால், உலர்த்தும்போது அமோனியா பறந்துவிடும், உப்பும் மிச்சமில்லை. எஸ்சிஎக்ஸ் நிரப்பிய ஜிப்டிப்பும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் சாம்பிளில் மிச்சமிருந்ததை இந்த வழியில்தான் எடுத்தோம். கோபுரம் அடங்கியது. கீழிருந்து ஆன்டிபாடியின் பெப்டைடுகள் எழுந்து வந்தன, அவற்றுக்கு நடுவே அவள் தேடிய புரதத்தின் பெப்டைடும். அடுத்த தடவை ரிப்பாவில் இழுத்தாலும், கடைசி இரண்டு கழுவலைச் சோப்பில்லாத பஃபரில் செய்துகொண்டு வரச் சொல்லி அனுப்பினேன். மணிகளை அப்படிக் கழுவுவதற்குச் செலவே இல்லை. எதைச் சுத்தம் செய்வது என்று பிறகு யோசிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

சோப்பே போடவில்லை, ஆனாலும் 44 வருகிறது என்று சிலர் வருவார்கள். கண்ணாடிப் பாட்டிலை யார் கழுவியது என்று விசாரியுங்கள். லேபில் பாட்டில் கழுவும் அண்ணன் மனசாட்சியோடு சோப்பு போட்டுத் தேய்த்து வைத்திருப்பார். அவர் மேல் தவறில்லை, அவரிடம் யாரும் வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். எங்கள் பிரிவில் எல்சி கரைசல் பாட்டில்களுக்குத் தனி அலமாரி, அதில் சோப்பு படவே கூடாது. மெத்தனாலும் தண்ணீரும் மட்டும். கைக்குப் பூசும் க்ரீம் இன்னொரு வழி. ஏசி அறையில் கை வறண்டுபோகிறது என்று தடவிக்கொண்டு அதே கையால் கையுறையை மாட்டினால், கையுறையின் வெளிப்பக்கத்திலும் பட்டுவிடும். டிப்பை ஆட்டோகிளேவ் செய்யாதீர்கள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். சூட்டில் பிளாஸ்டிக்கிலிருந்து கசிவது கிருமியைவிட நமக்குப் பெரிய தொல்லை. 338.34இல் ஒரு பீக் நிற்கிறதா, அது எருக்கமைடு. பிளாஸ்டிக் வழுவழுப்பாக இருக்கச் சேர்ப்பது. 391.28 என்றால் தாலேட்.

445.12 என்ற எண் மட்டும் தனிக் கதை. காற்றில் மிதக்கும் பாலிசிலாக்ஸேன் அது, எந்த லேபிலும் தப்பாது. 2005இல் புரத மாஸ் ஸ்பெக் விஞ்ஞானி மத்தியாஸ் மானின் குழு அதை விரட்டுவதை விட்டுவிட்டு, ஆர்பிட்ராப் மாஸ் ஸ்பெக் கருவியின் எடைக் கணக்கைத் திருத்திக்கொள்ளும் அடையாளக் கல்லாக்கிவிட்டது. எப்படியும் வரப்போகிறது, வேலையாவது வாங்குவோம் என்ற அந்த மனசு எனக்குப் பிடிக்கும்.

ஜிப்டிப்பிடம் கேட்கவே கூடாத இன்னொன்று கெரட்டின். தலைமுடி, தோல், ஸ்வெட்டர் எதிலிருந்து வந்தாலும், ட்ரிப்சின் போட்டபின் அதுவும் பெப்டைடுதான். சி18க்கு உங்கள் பெப்டைடு எது, உங்கள் தோலின் பெப்டைடு எது என்று எப்படித் தெரியும்? இரண்டையும் ஒரே மரியாதையோடு பிடித்து ஒரே மரியாதையோடு விடும். ட்ரிப்சின் தன்னையே வெட்டிக்கொண்டு தரும் 842.51, 2211.10 பீக்குகளும் அப்படியே. அவற்றை வைத்து மால்டியில் அளவீடு திருத்திக்கொள்ளலாம், கெரட்டினுக்கு அந்தப் புண்ணியமும் இல்லை. யூரியாவைச் சூடாக்கியதால் பெப்டைடின் மேல் ஏறிய 43 அலகு எடையையும் எந்த டிப்பும் இறக்கித் தராது.

ஒட்டாமல் தப்பிப்போகும் பெப்டைடுகளும் உண்டு. குட்டையான, தண்ணீரை விரும்பும் பெப்டைடுகள், குறிப்பாகப் பாஸ்பேட் ஏறியவை, கழுவும் தண்ணீரோடு போய்விடும். இது இந்தக் கம்பெனியின் குறை இல்லை, சி18இன் சுபாவம். அதனால் இழுத்து விட்ட மிச்சத் திரவத்தையும் கழுவிய தண்ணீரையும் அன்றைக்கே கொட்டிவிடாமல், ரிசல்ட் வரும்வரை ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

இப்போது போட்டியாளர்கள். உண்மையான போட்டி கடையில் இல்லை, லேபிலேயே செய்துகொள்ளும் ஸ்டேஜ்டிப்தான். 2003இல் டென்மார்க்கின் ஓடென்ஸேயிலிருந்து ராப்சில்பர், இஷிஹாமா, மான் மூவரும் எழுதியது. எம்போர் என்ற சி18 வட்டத் தகட்டை, முனை மழுங்கிய ஊசியால் குத்தி, அந்தப் பொட்டை 200 மைக்ரோலிட்டர் டிப்புக்குள் தள்ளி இறுக்கிவிட வேண்டும். டெஃப்லான் வலையில் மணிகளைப் பின்னிய தகடு என்பதால் தூளாக உதிராது. டிப்பை ஒரு டியூப் மூடியில் துளையிட்டு நிறுத்தி, சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சுழற்றினால் போதும். ஒரு வட்டத்திலிருந்து நூற்றுக்கணக்கான டிப். செலவு ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். பெரிய லாபம் வேறு: இருபது, முப்பது சாம்பிளை ஒரே நேரத்தில் சுழற்றலாம். ஜிப்டிப்பில் முப்பது சாம்பிள் என்றால் சாயங்காலம் கட்டைவிரல் பேசும். இன்னும் கொஞ்சம் பெப்டைடு பிடிக்க வேண்டுமா, இரண்டு பொட்டு அடுக்கினால் சரி. பெப்டைடை டிப்பிலேயே ஒட்டவைத்து ஃப்ரீஸரில் வைத்துக்கொள்ளலாம், ஓட்டும் நாளன்று எலூட் செய்தால் போதும். வெளியூரிலிருந்து அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பதே அப்படித்தான் அனுப்பச் சொல்லி. ஐஸ் உருகினாலும் பயமில்லை.

ஆனால் ஸ்டேஜ்டிப் செய்கிறவரின் கையைப் பொறுத்தது. தளர்வாக அடைத்தால் திரவம் ஓரமாக நழுவும், அழுத்தி அடைத்தால் சொட்டவே சொட்டாது. ஒவ்வொரு தொகுதியும் ஒவ்வொரு மாதிரி. வருடத்துக்கு நாலு சாம்பிள் செய்கிற லேபுக்கு அந்தப் பழக்கம் வராது, அவர்கள் ஜிப்டிப்பே வாங்கட்டும். நூறு மைக்ரோகிராமுக்கு மேல் பெப்டைடு வைத்திருக்கிறவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு செப்-பேக் போன்ற காட்ரிட்ஜுக்குப் போகட்டும். ஜிப்டிப்பைப் பத்துப் பத்து மைக்ரோலிட்டராக இழுத்து ஒரு மில்லிலிட்டரைத் தீர்க்கப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்.

விலை குறைவு என்று பெயர் தெரியாத ஒரு சி18 டிப்பை ஒரு டீலர் எங்கள் தலையில் கட்டினார். முதல் எலூஷனிலேயே டியூப்பின் அடியில் வெள்ளைத் துகள். அது எல்சி ஊசிக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே வேண்டாம். அன்றிலிருந்து எந்தப் பெயர் போட்ட டிப்பாக இருந்தாலும் புதுப் பெட்டி வந்தால், சாம்பிள் இல்லாமல் வெறும் டிஎஃப்ஏவை இழுத்துக் கழுவி, எலூட் செய்து ஒரு ஸ்பெக்ட்ரம் எடுத்து ஃபைலில் வைக்கிறோம். ஜிப்டிப்பின் வெற்று ஸ்பெக்ட்ரம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லாமல் அமைதியாகத்தான் இருக்கும். கூடுதல் காசு கொடுக்கிறோம் என்றால் முக்கியமாக இதற்குத்தான் கொடுக்கிறோம். பிறகு உங்கள் சாம்பிளில் ஏதாவது விசித்திரம் வந்தால், டிப்பிலிருந்து வந்ததா, டியூப்பிலிருந்து வந்ததா என்று சண்டை போட வேண்டாம், ஃபைலைத் திறந்தால் தெரிந்துவிடும்.

வாங்கப் போகிறவர்களுக்கு: பெரிய பெட்டிதான் டிப் கணக்கில் மலிவு, ஆனால் மொத்தமாக விலைப்பட்டியலைப் பார்க்கும் கைடு ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எப்போதாவது செய்கிற லேபுக்குச் சின்னப் பாக்கெட்டே போதும். ஆர்டர் போடும்போது 0.6 மைக்ரோலிட்டர் வகையா, 0.2 மைக்ரோலிட்டர் மைக்ரோ வகையா என்று தெளிவாக எழுதுங்கள். மைக்ரோ வகை அரை மைக்ரோலிட்டரில் எலூட் செய்து மால்டி பொட்டு வைக்க அருமை, ஆனால் அதன் கொள்ளளவு இன்னும் குறைவு. புரதத்துக்கு என்றால் சி4 கேளுங்கள்; சி18இல் முழுப் புரதத்தை ஏற்றினால் இறங்க அடம்பிடிக்கும். எலூஷனை மால்டிக்கு டிஎஃப்ஏவிலும், எல்சி-எம்எஸ்ஸுக்கு ஃபார்மிக் அமிலத்திலும் செய்யுங்கள், டிஎஃப்ஏ மிச்சமிருந்தால் எலக்ட்ரோஸ்ப்ரேயில் சிக்னலை அமுக்கும். உப்பும் யூரியாவும்தான் பிரச்சினை என்றால் ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் தாராளமாகக் கொடுப்பேன். படிவத்தில் ரிப்பா என்று எழுதியிருந்தால் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள்.